மெத்தனால் சாராயச் சாவுகள்

தொழிற்சாலைகளுக்கான மெத்தனாலைச் சாராயம் என்று விற்றதால் தமிழ்நாட்டில் நேர்ந்த உயிரிழப்புகள். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதிக்குத் தெற்கே 2023 மே மாதத்தில் இத்தகைய சாவுகள் நேர்ந்தன. செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர் வட்டாரத்திலும், விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் குடித்தது ஊறல் போட்டுக் காய்ச்சிய சரக்கே அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று தடயவியல் சோதனைக்குப் பின் காவல்துறை அறிவித்தது.

பெயின்ட், பசை, பிசின் போன்றவற்றின் தயாரிப்பில் மெத்தனால் தேவைப்படுகிறது. அந்தத் தொழிற்பகுதியின் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. ஆலைகள் பெருகும் மாநிலத்தில் இத்தகைய ரசாயனங்களின் நடமாட்டமும் பெருகும். ஆனால் ஆபத்து அதற்கும் முந்தையது. சேலம் மாவட்டத்தில் 1937இல் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. குடிக்க வழியில்லாதவர்கள் வார்னிஷைக்கூடக் குடித்தனர். மெத்தனாலோடு வார்னிஷையும் கட்டுப்படுத்த 1959இல் அரசு தனி விதிகள் வகுத்தது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 2003இல் அரசு நிறுவனமான டாஸ்மாக் மதுவின் சில்லறை விற்பனையை ஏற்றது. கடை திறந்திருந்த காலத்திலும் விஷச் சாராயம் ஒழியவில்லை. கையில் காசு குறைந்த கூலித் தொழிலாளிக்கு டாஸ்மாக் குவார்ட்டரைவிடச் சாராயப் பாக்கெட் மலிவு.

நிறத்திலும் மணத்திலும் மெத்தனாலைச் சாராயத்திலிருந்து பிரித்தறிய முடியாது. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் பார்வை நரம்பைத் தாக்குகிறது. சுமார் 10 மி.லி. கண்ணைப் பறிக்கலாம்; 30 மி.லி. உயிரையே பறிக்கலாம். கொடுமை என்னவென்றால், குடித்த உடனே ஒன்றும் தெரியாது. 12 முதல் 24 மணி நேரம் கழித்தே வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல், மூச்சிரைப்பு தொடங்கும். அதற்குள் அதே கேனிலிருந்து இன்னும் பலர் குடித்திருப்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், முதலில் இறந்தவர்களின் துக்கத்துக்கு வந்தவர்களும் அதே பாக்கெட்டைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. அங்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; பெண்களும் அதில் அடக்கம்.

அதே மாத இறுதியில் மதுவிலக்குச் சட்டத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. அந்தத் திருத்தத்தின்படி, கள்ளச்சாராயத்தால் மரணம் நேர்ந்தால் ஆயுள் சிறையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. தண்டனையைக் கூட்டியது சரிதான். ஆனால் குற்றம் கிராமத்தில் பாக்கெட் போடும் இடத்தில் தொடங்குவதில்லை; மெத்தனால் டிரம் ஆலைக் கிடங்கின் கணக்கிலிருந்து நழுவும் இடத்தில் தொடங்குகிறது. வாங்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, மீதி எங்கே என்று ஒவ்வொரு கிடங்கிலும் சரிபார்க்காதவரை இந்தச் சாவுகள் நிற்கா.

குடித்தவரைக் காப்பாற்ற வழி உண்டு. மருத்துவமனையில் எத்தனாலோ ஃபோமெபிசோல் மருந்தோ கொடுத்து, மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்கலாம்; டயாலிசிஸ் மூலம் ரத்தத்திலிருந்து அதை அகற்றலாம். நேரம் தவறினால் பிழைத்தவருக்கும் பார்வை திரும்பாமல் போகலாம். சாராயம் குடித்த ஒருவர் மறுநாள் கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்றால், போதை தெளியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். அவரோடு குடித்தவர்களையும் தேடிப் பிடித்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.