சுழல் கதவு

சுழல் கதவு என்பது நிலைக்குத்தான அச்சு ஒன்றைச் சுற்றிச் சுழலும் மூன்று அல்லது நான்கு இறக்கைகளைக் கொண்ட நுழைவாயில் கதவு ஆகும். இவ்விறக்கைகள் உருளை வடிவ உறை ஒன்றினுள் சுழல்கின்றன. தங்கு விடுதிகள், அலுவலகங்கள் முதலிய, மக்கள் நடமாட்டம் மிகுந்த கட்டிடங்களில் இது பயன்படுகின்றது. ஆட்கள் சென்று வரும்போதும் வாயில் காற்றுக்கு மூடியே இருப்பது இதன் சிறப்பாகும். ஆனால், ஆபத்து வேளையில் இதுவே வெளியேறும் வழியை அடைத்துவிடவும் கூடும்.

பயன்

குளிர்காலத்தில் உயரமான கட்டிடங்களின் உள்ளிருக்கும் சூடான காற்று மேலெழுந்து வெளியேறும். அதற்கு ஈடாக, தரைத்தள வாயில் வழியே குளிர்ந்த காற்று உள்ளே புகும். இது புகைபோக்கி விளைவு எனப்படுகின்றது. இந்த அழுத்த வேறுபாட்டினால் சாதாரண கதவுகளைத் திறப்பது கடினமாகலாம். சுழல் கதவில் அச்சின் இரு பக்கங்களிலும் அழுத்தம் சமமாக இருப்பதால் சுழற்சி தடைப்படுவதில்லை. சாதாரண கதவின் வழியே சுழல் கதவைப் போல் எட்டு மடங்கு காற்று பரிமாறப்படுவதாக, மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 2006 ஆம் ஆண்டு செய்த ஆய்வொன்று கணித்தது.

அமைப்பு

காற்று நேரடியாக ஊடுருவாதிருக்க, உறையின் ஒவ்வொரு சுவரும் இரண்டு இறக்கைகளுக்கு இடைப்பட்ட கோணத்தையாவது கொண்டிருத்தல் வேண்டும். எனவே நான்கு இறக்கைக் கதவில் ஒவ்வொரு திறப்பும் 90 பாகைக்கும், மூன்று இறக்கைக் கதவில் 60 பாகைக்கும் மேற்படலாகாது. விட்டம் 2 மீட்டர் எனில், திறப்பின் வில் நீளம் முறையே ஏறத்தாழ 157 செ.மீ., 105 செ.மீ. ஆகும். இறக்கைகளின் விளிம்புகளில் உள்ள தூரிகை அல்லது இரப்பர்ப் பட்டைகள் எஞ்சிய இடைவெளியை அடைக்கின்றன.

வரலாறு

1881 ஆம் ஆண்டில் பெர்லினைச் சேர்ந்த பொக்காக்கர் என்பவர் இத்தகைய கதவு ஒன்றுக்குச் செருமானியக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த தியோபிலசு வான் கனல், 1888 ஆகத்து 7 ஆம் நாள் மூன்று இறக்கைகள் கொண்ட கதவுக்குக் காப்புரிமை பெற்றார்.

விபத்துகளும் பாதுகாப்பும்

1942 நவம்பர் 28 ஆம் நாள் பாசுடன் நகரின் கோக்கனட் குரோவ் இரவு விடுதியில் ஏற்பட்ட தீயில் 492 பேர் இறந்தனர். முதன்மை வாயிலாக இருந்தது ஒரே ஒரு சுழல் கதவு. இரு பக்கமும் ஒரே நேரத்தில் மக்கள் நெருக்கித் தள்ளியதால் அது இறுகிவிட்டது. வேறு சில கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. சில உள்நோக்கித் திறப்பனவாக இருந்தன. இதன் பின்னர், சுழல் கதவுக்கு அருகில் வெளிநோக்கித் திறக்கும் சாதாரண கதவும் அமைக்கப்பட வேண்டும் என்ற விதி பரவலாயிற்று. நெருக்கித் தள்ளும்போது இறக்கைகள் மடிந்து, அச்சின் இரு பக்கமும் வழிவிடும் அமைப்பும் வழக்கத்துக்கு வந்தது.

கையால் தள்ளும் கதவு, தள்ளுவதை நிறுத்தினால் விரைவில் நின்றுவிடும். மின்னோடியால் இயங்கும் பெரிய கதவுகளோ உணரிகளை நம்பியுள்ளன. 2004 மார்ச்சு 26 ஆம் நாள் டோக்கியோவின் ரொப்பொங்கி இல்சு வளாகத்தில், தானியங்கிச் சுழல் கதவில் சிக்கி 6 வயதுச் சிறுவன் உயிரிழந்தான்.

சக்கர நாற்காலியில் வருவோருக்கும் சாதாரண கதவு தேவைப்படுவதால், சுழல் கதவு ஒரு கட்டிடத்தின் ஒரே வாயிலாக அமைதல் பொருத்தமன்று.