மொழிபெயர்க்கும் உரிமை யாருக்கு?

மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த பி. வெங்கடாசார்யர் 1885இல் பங்கிம்சந்திரரின் ‘துர்கேசநந்தினி’யைக் கன்னடத்தில் கொண்டுவந்தார். வங்க நாவல்கள் அவர் கைவழியே ஒவ்வொன்றாக வந்திறங்க, பெங்களூர், மைசூர் வாசகர்களுக்கு நாவல் படிக்கும் ருசி பிடித்தது. சற்றுப் பின்னால் தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸின் ஆங்கிலக் கதைகளை எடுத்து, மாந்தர்களுக்கு நம்மூர்ப் பெயர் சூட்டி விறுவிறுப்பாக எழுதித் தள்ளினார்.

இவர்கள் பேனா எடுத்த காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் நடப்பிலிருந்தது, கம்பெனி ஆட்சியில் பிறந்த 1847ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். 42 ஆண்டுகள், அல்லது ஆசிரியர் வாழ்நாளும் அதற்குப் பின் 7 ஆண்டுகளும், இவற்றில் எது அதிகமோ அதுவரை உரிமை உண்டு. மொழிபெயர்ப்பைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

அந்த ஓட்டையை அடைக்க 1880களின் நடுவில் இந்திய அரசு முயன்றது. அதே நேரத்தில் ஐரோப்பாவில் நாடுகளுக்கிடையே பதிப்புரிமையைக் காக்கும் பெர்ன் உடன்படிக்கை உருவாகிக்கொண்டிருந்ததால் லண்டன் இந்தியத் திருத்தத்தைத் தள்ளிப்போட்டது. முயற்சி அப்படியே நின்றது.

அரசால் முடியாததை பிரிட்டிஷ் பதிப்பகமான மாக்மில்லன் நிறுவனம் நீதிமன்றத்தில் சாதிக்கப் பார்த்தது. தன் ஆங்கிலக் கணிதப் பாடநூல்களை உருதுவில் பெயர்த்த டெல்லி அறிஞர் ஜகாவுல்லா மீது வழக்குத் தொடுத்தது. மொழிபெயர்ப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1895இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவிலும் இதே கதைதான். ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோ, தாமே ஜெர்மன் மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்திருந்தார். பிலடெல்பியாவின் ஜெர்மன் பத்திரிகை ஒன்று அவரைக் கேட்காமலே வேறொரு மொழிபெயர்ப்பை அச்சிட்டது. ஸ்டோ தொடுத்த வழக்கில் 1853இல் நீதிபதி கிரியர் பத்திரிகையின் பக்கம் நின்றார். மொழிபெயர்ப்பு உரிமையைத் தமக்கென வைத்துக்கொள்ள அமெரிக்க எழுத்தாளர்களுக்கு 1870 வரை வழி பிறக்கவில்லை.

பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டம் மொழிபெயர்ப்பையும் முழுக் காலத்துக்கும் ஆசிரியர் வசம் தந்தது. அதை இந்தியாவுக்குப் பொருத்தியது 1914ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 4ஆம் பிரிவில் ஒரு சலுகை: மொழிபெயர்ப்பு உரிமை 10 ஆண்டுகள் மட்டுமே, அதற்குள் ஆசிரியர் ஒரு மொழியில் பெயர்ப்பை வெளியிட்டால் அந்த மொழியில் மட்டும் உரிமை நீளும். சலுகை யாருக்குப் பொருந்தியது என்று பார்த்தால்தான் வயிறு எரிகிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் முதலில் வெளியான நூல்களுக்கு மட்டும்! லண்டனில் அச்சான பாடநூலுக்கு முழுப் பாதுகாப்பு. கல்கத்தாவிலோ சென்னையிலோ அச்சான கதைக்கு 10 ஆண்டு. மாணவர்களுக்கு அவசியமாக வேண்டியிருந்ததோ இங்கிலாந்தின் அறிவியல், கணித நூல்கள். அவற்றுக்குக் கதவைச் சாத்திவிட்டு, விட்டுக்கொடுக்கும் பொறுப்பைச் சொந்த எழுத்தாளர் தலையில் கட்டியது நியாயமே இல்லை.

சுதந்திர இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியைப் பிடித்தது: 7 ஆண்டுகளுக்குள் மொழிபெயர்ப்பு வராவிட்டால் பதிப்புரிமை வாரியத்திடம் உரிமம் கேட்கலாம் என்றது. உலக அளவிலும் வளரும் நாடுகளுக்கு இப்படிச் சலுகை வேண்டுமென்று இந்தியா வாதாடியது. 1967இல் ஸ்டாக்ஹோமில் அது பெர்ன் உடன்படிக்கையின் ஒரு நெறிமுறையாக ஏற்கப்பட்டது. பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 1971இல் பாரிசில் அது மாற்றி எழுதப்பட்டபோது, சலுகையைப் பெறுவதற்கான நிபந்தனைகள் அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்தன.