முதலாளியம்மாவுக்கும் அனுமதி இல்லை!

நியூயார்க் கிழக்கு 7-வது தெருவில் மெக்ஸார்லிஸ் என்று ஒரு பழைய பீர்க் கடை. 1854-ல் ஆரம்பித்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். கறுப்பு, வெளிர் என்று ரெண்டே வகை ஏல் பீர். கடிச்சுக்க சீஸும் பச்சை வெங்காயமும். பெண்களுக்கு மட்டும் இடமில்லை.

வேடிக்கை என்னன்னா, 1939-ல் அப்பாவின் சொத்தாகக் கடை டோரதி கிர்வான் கைக்கு வந்தது. அவரும் விதியை மாற்றவில்லை. கடை மூடிய நேரத்தில்தான் உள்ளே வருவாராம்!

1969 ஜனவரியில் ரெண்டு பெண்கள் போய் பீர் கேட்டாங்க. கிடைக்கலை. வழக்குப் போட்டு ஜெயிச்சாங்க. 1970 ஆகஸ்டில் கதவு திறந்தது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வர இன்னும் 16 வருஷம்!

அதே ரெண்டு பீர், அதே வெங்காயம் இன்னிக்கும் இருக்கு. பெண்கள் வந்து எந்தப் பாரம்பரியம் கெட்டுப்போச்சுன்னுதான் எனக்குப் புரியலை.