குணத்தின் குற்றமா, சூழலின் சுமையா?

பெண்ணைப் பொறுமையின் வடிவமெனப் போற்றும் உலகம், அவள் வன்செயல் புரிந்து சிறை புகுந்தால் பிறவிக் குணமே அதற்குக் காரணம் என எளிதில் முடிவு கட்டிவிடுகிறது. இம்முடிவுக்கு அறிவியல் வடிவம் தர முயன்றவர்களும் உளர். இத்தாலிய அறிஞர் லொம்புரோசோ 1893இல் வெளியிட்ட நூலில், பிறவிக் குற்றவாளியான பெண் ஆணினும் கொடியவள் என்றார். 1973இல் ஐசெங்கு இணையர், இங்கிலாந்தின் பெண் கைதிகளிடம் இரக்கமின்மை, முரட்டுத்தன்மை போன்ற இயல்புகள் பிற பெண்களினும் மிகுதி என எழுதினர். ஆயின், சிறைக்குள் அளக்கப்பட்ட குணம் சிறைக்கு முன்பே இருந்ததா, துன்பத்தால் விளைந்ததா என்பதை அவ்வளவை உணர்த்தாது.

இவ்வினாவிற்குக் கெடாத் தோட்டங்களின் வரலாறு ஒளி தருகிறது. வைகறையில் எழுந்து பால்மரம் வெட்டிய பெண்ணுக்கு ஆணினும் குறைந்த கூலியே கிடைத்தது. அக்கூலியையும் தோட்டத்துக் கள்ளுக்கடை விழுங்கியது. குடித்து வந்த கணவனின் அடியை லயத்துச் சுவர்களே அறியும். ஆயினும் அவள் அடங்கியவள் என்றே எண்ணப்பட்டாள். 1943இல் ஜான்சி ராணிப் படை அமைந்தபோதோ, மலாயாத் தோட்டப் பெண்கள் பலர் துப்பாக்கி ஏந்தினர். போருக்குப்பின் 1946-47இல் பீடோங் அருகே ஆர்வார்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடை மறியல் நடத்தியது. கள்ளால் நலிந்த குடும்பங்களின் குரலே அம்மறியலில் ஒலித்தது. ஆட்சியாளர் அதனைக் கலகமாகக் கண்டனர். 1947 ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் காவலர் சுட்டதில் தொழிலாளர் ஒருவர் மாண்டார்.

அடங்கியவள் என்று பெயர் பெற்றவளே படைவீராங்கனையும் ஆனாள். பிறவிக் குணம் மாறவில்லை. காலமும் சூழலுமே மாறின. போர்க்களத்தில் வீரம் எனப் புகழப்படும் செயல், வீட்டிலோ வீதியிலோ நிகழுங்கால் குற்றம் எனப்படுகிறது. பெயர் சூட்டும் உரிமை யாரிடம் உள்ளது என்பதும் எண்ணத் தக்கது.

இதனால் குணத்திற்குப் பங்கே இல்லை எனல் பொருந்தாது. ஒரே லயத்தில் ஒரே துன்பம் உற்ற பெண்கள் பலருள் மிகச் சிலரே வன்செயலில் இறங்குவர். அச்சிலரை அறிய அவர்தம் இயல்பையும் ஆராய்தல் வேண்டும். ஆனால் இயல்பை மட்டும் எடையிட்டு, உற்ற கொடுமையை எடையிடாத தராசு நேர்மையானதன்று.

2010இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஏற்ற பாங்காக் விதிகள் இவ்வுண்மையை ஒப்புகின்றன. பெண் கைதிகளால் பிறர்க்கு நேரும் இடர் பொதுவாகக் குறைவு என்றும், அவர்கள் முன்னர் உற்ற வன்கொடுமையைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. கைதியின் குணத்தை வினவுமுன் அவள் கடந்த வாழ்வை வினவுதலே அறிவுடைமை. அதுவே அறமும் ஆகும்.