தடைச் சட்டமும் கேளிக்கை வரியும்

ஸ்விட்சர்லாந்தின் கிராண்ட் பிரி கார்ப் பந்தயம் 1954-ஓடு நின்றது. இந்தியாவின் கிராண்ட் பிரி 2013-ஓடு. முன்னதைச் சட்டம் போட்டு மூடினார்கள். பின்னதை யாரும் மூடவில்லை. 'அடுத்த வருஷம் நடக்கும்' என்று சொல்லிச் சொல்லியே கைவிட்டார்கள். இரண்டையும் கொன்றது தடத்துக்கு வெளியே நடந்த ஒன்று என்பதால்தான் இவற்றைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது.

பெர்ன் நகரின் ஓரத்திலுள்ள பிரெம்கார்ட்டன் காட்டில் 1931-ல் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்காக அமைத்த தடத்தில்தான் ஸ்விஸ் கிராண்ட் பிரி நடந்தது. சுற்றளவு 7.28 கி.மீ. நேர்சாலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். இருமருங்கிலும் மரங்கள். நிழலில் ஈரம் லேசில் காயாது. வெளிச்சமும் விட்டுவிட்டுத்தான் விழும். 1934-ல் நடந்த முதல் கிராண்ட் பிரியை ஹான்ஸ் ஷ்டுக் வென்றார். அதே பந்தயத்தில் ஹியூ ஹாமில்டன் இறந்தார். 1948 இன்னும் கொடுமை. மழையில் நடந்த பயிற்சியின்போது ஆல்ஃபா ரோமியோ கவிழ்ந்து அக்கிலே வார்ட்ஸி போனார். மோட்டார் சைக்கிள் பயிற்சியில் ஒமோபோனோ டென்னி. பந்தயத்தன்று ஸ்விஸ் வீரர் கிறிஸ்டியன் காவுட்ஸ். ஒரே வாரத்தில் மூன்று சாவு. அப்படியும் கூட்டம் குறையவில்லை, பந்தயமும் நிற்கவில்லை. 1950-ல் உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கியபோது பிரெம்கார்ட்டனும் அதில் ஒரு சுற்று.

முடிவு பிரான்ஸிலிருந்து வந்தது. 1955 ஜூன் 11 அன்று லெ மான் பந்தயத்தில் ஒரு மெர்சிடிஸ் கார் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டின் ஸ்விஸ் பந்தயம் ரத்தானது. 1958-ன் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பொதுமக்கள் பார்க்கும் சுற்றுத்தடப் பந்தயங்களையே தடைசெய்தது. மலையேற்றப் பந்தயம் போன்றவற்றுக்கு விலக்கு. விபத்து நடந்த பிரான்ஸ் சீக்கிரமே பழையபடி கார் ஓட்டப் போய்விட, பக்கத்து நாடு அரை நூற்றாண்டுக்கு மேல் விரதம் காத்தது வேடிக்கைதான். ஆனால், தன் காட்டிலேயே இத்தனை பேரைப் பறிகொடுத்த நாட்டுக்கு லெ மான் ஒரு சாக்கு மட்டுமே என்பது என் எண்ணம்.

இந்தியக் கதையில் ரத்தமே இல்லை. உத்தரப் பிரதேசத்தின் கிரேட்டர் நொய்டாவில் ஜேபி குழுமம் கட்டிய புத்தர் சர்வதேசத் தடம் 5.125 கி.மீ. நீளம். வடிவமைத்தவர் ஹெர்மன் டில்க்கே. 2011 அக்டோபர் 30 அன்று முதல் பந்தயம். முதல் பயிற்சியிலேயே தெருநாய் ஒன்று தடத்தில் ஓடி ஆட்டத்தை நிறுத்தியது. மூன்று ஆண்டும் செபாஸ்டியன் வெட்டல்தான் வென்றார். முதல் இரண்டில் ஆரம்பம் முதல் கடைசிவரை வேறு யாரையும் முன்னே விடவில்லை. 2013-ல் நான்காவது சாம்பியன் பட்டம் உறுதியானதும் ரசிகர்கள் முன் காரை வட்டமடித்துப் புகை கிளப்பி, இறங்கி அதற்குக் கும்பிடு போட்டார். விதியை மீறியதற்காக 25,000 யூரோ அபராதம். அந்தத் தடம் பார்த்த கடைசி ஃபார்முலா ஒன் காட்சி அதுதான்.

காரணம் காகிதத்தில் இருந்தது. இது விளையாட்டு அல்ல, கேளிக்கை என்றது அரசுத் தரப்பு. கேளிக்கை வரி விவகாரம் நீதிமன்றம் ஏறி, டிக்கெட் வருமானத்தில் கால்வாசியைத் தனிக் கணக்கில் போட்டுவைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அணிகள் கொண்டுவந்த கார், டயர், எஞ்சின்களுக்குச் சுங்கத் தொல்லை வேறு. 2014 அட்டவணையிலிருந்து பந்தயம் நீங்கி, 2015-ல் திரும்பும் என்றார்கள், வரவில்லை. 2017-ல் உச்ச நீதிமன்றம், இங்கே ஈட்டிய வருமானத்துக்கு ஃபார்முலா ஒன் நிறுவனம் இந்தியாவில் வரி கட்ட வேண்டியதே என்று தீர்ப்பளித்தபோது, வரி போடப் பந்தயமே இல்லை.

வரி கேட்டது தவறென்று சொல்லமாட்டேன். விமான ஓடுதளத்திலும் மண்ணிலும் சொந்தக் காசில் ஓட்டிப் பழகுகிறவனுக்குக் கிடைக்காத சலுகையை உலகப் பணக்கார விளையாட்டுக்கு ஏன் தரவேண்டும்? ஆனால் தடம் கட்ட அனுமதி தருமுன் தீர்க்கவேண்டிய கேள்வி அது. ஸ்விஸ் அரசு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தது; அதை எதிர்த்து வாதாட ஆட்களுக்கு இடமிருந்தது. இங்கே வாதாட ஒரு முடிவே கிடைக்கவில்லை.

பந்தயம் போனபின் எஞ்சியது எது என்று பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. ஸ்விஸ் கிராண்ட் பிரி எல்லை தாண்டிப் பிரான்ஸின் டிஷோனில் இரண்டு முறை நடந்தது. 1975-ல் வென்ற கிளே ரெகாட்ஸோனி ஸ்விஸ்காரர். 1982-ல் கேகே ரோஸ்பெர்க். ஹின்வில் ஊரில் பீட்டர் சௌபர் தொடங்கிய அணி 1993 முதல் ஃபார்முலா ஒன்னில் ஓடியது. 2018-ல் ஜூரிக் தெருக்களில் மின்சாரக் கார்கள் பந்தயம் விட்டன. நம் பக்கம், ஃபார்முலா ஒன் வரை போன கோவை நாராயண் கார்த்திகேயனும் சென்னை கருண் சந்தோக்கும் நொய்டாத் தடம் வருமுன்பே உருவானவர்கள். 2012-க்குப் பிறகு எந்த இந்தியரும் அந்தப் பந்தயத்தில் ஓட்டவில்லை. நொய்டாத் தடத்தின் நில ஒதுக்கீட்டையே நிலுவைத் தொகைக்காக 2020-ல் யமுனா விரைவுச்சாலை ஆணையம் ரத்துசெய்தது. 2023-ல் மோட்டோஜிபி பைக்குகள் ஒருமுறை வந்து போயின.