அட்டை அச்சடித்த கணினி

1971 ஆகஸ்ட் 26. அமெரிக்காவில் ஓஹாயோ பல்கலைக்கழகத்தின் ஆல்டன் நூலகத்தில் கணினி முனையத்தின் வழியாகப் புத்தகங்களைப் பட்டியலிடத் தொடங்கினார்கள். தட்டிய விவரங்கள் கம்பி வழியே கொலம்பஸில் இருந்த பொதுக் கணினிக்குப் போயின. அன்று பதிவானவை 133 புத்தகங்கள். இத்தனை ஏற்பாடும் செய்து அந்தக் கணினி திருப்பித் தந்தது என்ன? அட்டைகள்! இழுப்பறையில் அப்படியே சொருகிவிடலாம் என்கிற மாதிரி, அகர வரிசையில் அடுக்கி அனுப்பிய அச்சு அட்டைகள்.

இன்று கேட்டால் சிரிப்பு வரும். அன்றைய கணக்கு வேறு. ஒரே புத்தகத்தை ஐம்பது கல்லூரிகள் வாங்கினால், ஐம்பது நூலகர்கள் உட்கார்ந்து அதே தலைப்பையும் அதே ஆசிரியர் பெயரையும் ஐம்பது முறை தட்டச்சு செய்தார்கள். ஒருவர் செய்ததை மற்றவர்கள் எடுத்துக்கொண்டால் போதுமே என்றார் ஃப்ரெட் கில்கூர். யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அவரைத் தலைவராக வைத்து, ஓஹாயோவின் 54 கல்லூரிகள் 1967-ல் தொடங்கிய அமைப்புதான் ஓசிஎல்சி. கொலம்பஸ் கணினி அதனுடையது.

இதற்கு அடிப்படையாக இருந்தது ‘மார்க்’ என்ற பதிவு முறை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இதை உருவாக்கிய ஹென்ரியட் அவ்ரம் நூலகவியல் படித்தவர் அல்லர், நிரல் எழுதுபவர். அட்டையில் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டதை எந்திரத்துக்கும் புரிய வைக்க, ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண் கொடுத்தார். ஆசிரியர் 100, தலைப்பு 245, பொருள் 650. தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்களில் பட்டியல் போடுகிறவர்களுக்கும் இந்த எண்கள் இன்றுவரை மனப்பாடம். ஆனால் அந்தக் காலக் கணினிக்கு ரோமன் எழுத்துதான் பிடிபட்டது. தமிழ்ப் புத்தகத்தின் தலைப்பும் மேலே கோடு, கீழே புள்ளி வைத்த ரோமன் எழுத்தில்தான் ஏறியது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை.

நூலகங்கள் தம் தேவைக்காகச் செய்த மென்பொருள் விரைவிலேயே சந்தைச் சரக்கானது. ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகம் 1980 வாக்கில் தனக்கென ‘ஆலெஃப்’ செய்தது. அதைச் சந்தைப்படுத்தக் கிளம்பிய முயற்சி எக்ஸ் லிப்ரிஸ் நிறுவனமாக வளர்ந்தது. அதை 2015-ல் புரோகுவெஸ்ட் வாங்கியது. புரோகுவெஸ்டை 2021-ல் கிளாரிவேட் வாங்கியது. இடையில் 2012-ல் அதே எக்ஸ் லிப்ரிஸின் ‘ஆல்மா’ என்ற மென்பொருள் பாஸ்டன் கல்லூரியில் இயங்கத் தொடங்கியது. அதற்கு நூலகத்தில் சர்வரே வேண்டாம், எல்லாம் மேகக் கணினியில். வசதிதான். ஆனால் ஆண்டுச் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

எதிர்த்திசையில் போனது ஒரு சின்ன ஊர். நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா வட்டாரப் பொது நூலகத்தில் இருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்தது. புதிதாக ஒன்றை விலைகொடுத்து வாங்காமல், கட்டிப்போ என்ற வெலிங்டன் நிறுவனத்தைக் கொண்டு தாங்களே ஒன்றை எழுத வைத்தார்கள். மெதுவான தொலைபேசி இணைப்பிலும் ஓட வேண்டும் என்பதால் அது இணைய உலாவியில் இயங்கியது. 2000 ஜனவரி 3-ல் வேலையைத் தொடங்கியதை, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று மூல நிரலோடு திறந்துவிட்டார்கள். வைத்த பெயர் ‘கோஹா’. மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று பொருள். நம்மூர் மொய் மாதிரி, வாங்கியவர் திருப்பிச் செய்யும் மரபும் அதில் உண்டு.

அந்தப் பெயரையே பிற்பாடு ஓர் அமெரிக்க நிறுவனம் நியூசிலாந்தில் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய முயன்றது. கொடுத்த நூலகமே ஆட்சேபித்து நின்றது, விண்ணப்பம் தள்ளுபடியானது.

இந்தியப் பல்கலைக்கழகங்களுக்காக இன்ஃபிளிப்நெட் என்ற அமைப்பு உருவாக்கிய ‘சோல்’ மென்பொருள் ஒருபக்கம் இருக்க, தமிழ்நாட்டில் பல கல்லூரிகள் கோஹாவுக்கு வந்து சேர்ந்தன. எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூனிகோடு வந்துவிட்டதால், தலைப்புக்கான 245-ல் இப்போது தமிழைத் தமிழிலேயே தட்டலாம். அட்டைகளின் கதையும் முடிந்தது. ஓசிஎல்சி தன் கடைசி அட்டைகளை அச்சடித்தது 2015 அக்டோபர் 1-ல். அதுவரை சுமார் 190 கோடி அட்டைகள் அங்கே அச்சாகியிருந்தன.