கரவெல்

எந்த விமானம் பிடிக்கும் என்று பேரன் கேட்டான். போயிங், ஏர்பஸ் எல்லாம் பிற்பாடு ஏறியிருக்கிறேன். ஆனால் மனசு கரவெல்லில்தான் நிற்கிறது. 1955-இல் துலூஸில் முதன்முதலாகப் பறந்த பிரெஞ்சு ஜெட் அது. புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த காலத்தில் வாத்தியார் படம் காட்டியிருக்கிறார். 1964-இல் இந்தியன் ஏர்லைன்ஸின் முதல் ஜெட்டாக நம் நாட்டுக்கு வந்தது.

1974-இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு அதில் வந்தேன். (குமாஸ்தாவுக்கு விமானமா என்காதீர்கள், அவசரக் கோப்பு!) எஞ்சின் இரண்டும் வால்பக்கம் என்பதால் முன்சீட்டில் அவ்வளவாகச் சத்தமில்லை. ஜன்னல்கள் முனை மழுங்கிய முக்கோணம்.

1976 அக்டோபர் 12-இல், அதே தடத்தில் கிளம்பிய கரவெல் எஞ்சின் கோளாறால் தீப்பிடித்து பம்பாயிலேயே விழுந்தது. நடிகை ராணி சந்திரா உள்பட 95 பேரும் போய்விட்டார்கள். சேதி கேட்ட அம்மா குன்றக்குடி மலையேறி, சண்முகநாதருக்கு என் பேரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்கள். “இனிமே ரயில்லதான் போகணும்” என்றார்கள். அவர்கள் இருந்தவரை நான் விமானம் ஏறவில்லை.